கராஜ் அறையும் கோடை வெப்பமும்



சட்டன், சீம், வூஸ்டர் பார்க், கார்ஷோல்ட்டன் பகுதிகளில் வாழும் எம்மவர் வீடுகளில் பெரும்பாலானவை 1930களில் கட்டப்பட்டவை. இரண்டு வீடுகள் ஒட்டி நிற்கும், பக்கத்தில் அல்லது பின்னால் ஒரு கராஜ் இருக்கும். அந்தக் காலத்துச் சிறிய கார்களுக்கு அளவெடுத்துக் கட்டிய கராஜுக்குள் இன்றைய கார் நுழைந்தாலும் கதவு திறந்து இறங்க இடமிருக்காது. எனவே கார் வீதிக்குப் போய்விட்டது. கராஜுக்குள் பெரிய பிறீசர் வந்தது, பிறகு அரிசி மூட்டை, உடுப்புக் காயவைக்கும் இயந்திரம், மீன் பொரிக்க ஓர் அடுப்பு. கொவிட் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளின் கணினி மேசையும் வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து அம்மம்மாவோ அப்பப்பாவோ வந்தால், படியேற முடியாது என்பதற்காக அவர்களுக்கு அங்கேயே ஒரு கட்டிலும் போட்டு விடுகிறோம்.

ஆட்கள் புழங்கத் தொடங்கியதும் குளிர் தாங்காது என்று சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்புப் பலகை அடிக்கிறோம். கதவிடுக்குகளை ரப்பர் பட்டி வைத்து அடைக்கிறோம். தை, மாசி மாதங்களில் அது நல்ல வேலைதான். ஆனால் யூலை மாதத்தில் அதே அறை என்ன ஆகிறது என்பதை நாம் யோசிப்பது குறைவு. ஒரு குடும்ப வைத்தியர் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: கோடையில் தலைச்சுற்று, மயக்கம், சிறுநீரகக் கோளாறு என்று வரும் முதியவர்களிடம் "எங்கே படுக்கிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

"நாங்கள் வெயிலில் பிறந்து வளர்ந்த ஆட்கள்"

"டொக்டர், எங்களுக்கு இந்த வெயில் ஒரு வெயிலா?" இதைக் கேட்காத கோடை இல்லை. இதில் பாதிதான் உண்மை.

வெப்பமான நாட்டில் வாழ்பவரின் உடல் வெப்பத்துக்குப் பழகியிருக்கும். வியர்வை விரைவில் சுரக்கத் தொடங்கும், அளவும் கூடும், அதனுடன் வெளியேறும் உப்பு குறையும். உடலிலுள்ள குருதியின் அளவும் சற்றுக் கூடியிருக்கும். ஆனால் இது பிறப்போடு வந்து நிலைக்கும் வரம் அல்ல. ஒன்று, இரண்டு வாரங்கள் வெப்பத்தில் இருந்தால் வரும். குளிரான இடத்தில் சில வாரங்கள் இருந்தால் போய்விடும். இருபது, முப்பது வருடங்களாக இலண்டனில் வாழ்பவரின் உடல் இலண்டன் உடல்தான். முதல் வெப்ப அலை வரும் நாளில் எமக்கும் அடுத்த வீட்டு ஆங்கிலேயருக்கும் இந்த விடயத்தில் பெரிய வேறுபாடு கிடையாது.

சொல்லப்போனால் எமக்கு ஆபத்துச் சற்றுக் கூடுதல். தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களை விட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாகவும், இளம் வயதிலேயேயும் வருகிறது. இருதய நோயும் அப்படியே. இந்த இரண்டும் உள்ளவர்களைத்தான் வெப்பம் முதலில் தாக்குகிறது.

இலண்டன் வெப்பம் எவ்வளவு?

2003 ஓகஸ்ட் 10ஆம் திகதி கென்ற் மாநிலத்தின் பவர்சாம் என்ற ஊரில் 38.5 பாகை பதிவானபோது அது பெரிய செய்தி. அந்த மாத வெப்ப அலையில் இங்கிலாந்தில் வழமையை விட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர். 2022 யூலை 19ஆம் திகதி இந்த நாட்டு வரலாற்றில் முதன்முறையாக 40 பாகை தாண்டியது. லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை. அதற்கு முந்திய இரவு எமக்குப் பக்கத்திலுள்ள கென்லி விமானத்தளத்தில் வெப்பம் 25 பாகைக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்தக் கோடையின் ஐந்து வெப்ப அலைகளிலும் சேர்த்து இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,985 பேர் கூடுதலாக இறந்ததாக சுகாதாரப் பாதுகாப்பு முகாமை மதிப்பிட்டது. 2025ஆம் ஆண்டுக் கோடை, சராசரி வெப்பநிலையில் இந்த நாட்டின் பதிவுகளிலேயே மிக வெப்பமானதாக அமைந்தது.

வெப்ப அலைகளில் இறப்பவர்களில் அநேகர் வெயிலில் நின்றவர்கள் அல்லர். வீட்டுக்குள், பராமரிப்பு இல்லங்களுக்குள், கட்டிலில் இருந்த முதியவர்கள். ஆகவே ஆபத்து வெளி வெயிலில் மட்டும் இல்லை, அறைக்குள்ளும் இருக்கிறது.

உடலுக்குள் நடப்பது என்ன?

உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற இரண்டு வழிகளை நம்பியிருக்கிறது. ஒன்று, தோலிலுள்ள குருதிக் குழாய்களை விரித்து, சூடான குருதியைத் தோலுக்கு அனுப்புவது. இதற்கு இருதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். மற்றது வியர்வை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். வழிந்து நிலத்தில் விழுந்தால் பயனில்லை. அறைக்குள் ஈரப்பதன் நிறைந்து காற்று அசையாமல் நின்றால் வியர்வை ஆவியாகாது. காற்றோட்டம் இல்லாத அறை அதே வெப்பநிலையிலுள்ள காற்றோட்டமான அறையை விடக் கெடுதல் செய்வது இதனால்தான்.

வயது கூடும்போது வியர்ப்பதும் குறைகிறது, தாகம் உணர்வதும் குறைகிறது. நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கு வியர்வைச் சுரப்பிகளையும் குருதிக் குழாய்களையும் இயக்கும் நரம்புகள் பழுதடைந்திருக்கலாம். இரவில் சலம் கழிக்க எழும்ப வேண்டும் என்று பயந்து பின்னேரத்திலிருந்து தண்ணீரே குடிக்காத அம்மாமார் எம்மிடையே பலர். நீர்ச்சத்துக் குறைந்தால் குருதி தடிக்கும், பிரஷர் இறங்கும், சிறுநீரகம் வாடும். இருதயத்தில் ஏற்கனவே அடைப்பு இருந்தால் மாரடைப்பாகவும், மூளைக்குப் போகும் குழாயில் இருந்தால் பாரிசவாதமாகவும் முடியலாம்.

முதியவர்களும் நோயாளரும் இருக்கும் அறை 26 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி இங்குள்ள சுகாதார அதிகாரிகள் பராமரிப்பு இல்லங்களுக்கு அறிவுறுத்துகிறார்கள். அந்த எண்ணை எமது வீடுகளுக்கும் எடுத்துக்கொள்வோம்.

கராஜ் ஒரு சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்

ஊரில் இடம்பெயர்ந்து தகரக் கொட்டில்களில் இருந்தவர்களுக்கு நண்பகல் தகரச் சூடு மறக்காது. ஆனால் பொழுது பட்டதும் அந்தக் கொட்டில் ஆறிவிடும். தகரம் மெல்லியது, சுற்றிலும் இடுக்குகள், காற்று தாராளமாகப் புகுந்து வரும். வெப்பக்காப்பு அடித்து, இடுக்குகளை அடைத்த கராஜ் இதற்கு நேர்மாறு. அது தேநீர்ப் பிளாஸ்க் போன்றது. வெப்பம் உள்ளே வர நேரமெடுக்கும், வந்துவிட்டால் வெளியே போகவும் நேரமெடுக்கும். பிளாஸ்க்கில் குளிர்நீரை ஊற்றினால் குளிர்நீரைக் காக்கும், சுடுநீரை ஊற்றினால் சுடுநீரைக் காக்கும். வெப்பக்காப்பு தவறல்ல. உள்ளே எதை அடைத்து வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 5 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் அகலம், 2.3 மீற்றர் உயரமான கராஜில் ஏறத்தாழ 29 கன மீற்றர் காற்று இருக்கும். சும்மா இருக்கும் ஒரு மனிதர் 100 வாற் மின்குமிழ் அளவு வெப்பம் வெளிவிடுகிறார். இரண்டு பேர் 200 வாற். கணினியும் திரையும் 150 வாற். பிறீசர் சராசரியாக 50 வாற் என்று வைப்போம். பிறீசர் உள்ளே குளிராக்கினாலும் அது எடுக்கும் மின்சாரம் முழுவதும் அறைக்குள் வெப்பமாகவே வந்து சேரும். ஆக மொத்தம் 400 வாற். வெயில் இன்னும் கணக்கில் சேரவில்லை.

குளியலறைக்குப் பூட்டும் சாதாரண வெளியேற்று விசிறி நொடிக்கு 15 லீற்றர், அதாவது மணிக்கு 54 கன மீற்றர் காற்றை இழுக்கும். அது அறை வெளியை விடச் சூடாக இருக்கும் ஒவ்வொரு பாகைக்கும் 18 வாற்றளவு வெப்பத்தையே கொண்டு போகும். சுவர் வழியாகப் போவதை விட்டுவிட்டுப் பார்த்தால், 400 வாற்றை வெளியேற்ற அறை வெளியை விட 22 பாகை கூடுதலாகச் சூடாக வேண்டும். சுவரும் நிலமும் ஓரளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது. ஆனாலும் அந்தச் சிறிய விசிறி போதாது என்பது விளங்கும். வித்தியாசத்தை 4 பாகைக்குள் வைத்திருக்க மணிக்கு ஏறத்தாழ 300 கன மீற்றர் காற்று மாறவேண்டும். அதாவது அறைக் காற்று முழுவதும் மணிக்குப் பத்துத் தடவை.

ஹக்பிரிட்ஜில் எமக்கொரு பாடம்

இதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் எமது சட்டன் நகராட்சிக்குள்ளேயே ஹக்பிரிட்ஜுக்குப் போகலாம். ரயிலில் போகும்போது கூரைகளின் மேல் பல நிறங்களில் சேவல் கொண்டை போன்ற புகைபோக்கிகள் காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுதான் 2002இல் கட்டி முடிக்கப்பட்ட பெட்செட் குடியிருப்பு. பீபொடி அறக்கட்டளையும் பயோரீஜனல் நிறுவனமும் கட்டிடக்கலைஞர் பில் டன்ஸ்ரரும் சேர்ந்து உருவாக்கியது. சுவர்களில் 30 சென்ரிமீற்றர் தடிப்பான வெப்பக்காப்பு. தெற்கே வெயில் வாங்கும் கண்ணாடி அறைகள். அந்த நிறப் புகைபோக்கிகள் மின்சாரம் இல்லாமல் காற்றின் வேகத்தாலேயே புதிய காற்றை உள்ளே இறக்கி, பழைய காற்றை வெளியே எடுக்கின்றன. குளிர்காலத்தில் வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கின்றன.

இவ்வளவு வெப்பக்காப்பு வைத்தவர்கள் காற்றோட்டத்தையும் சேர்த்தே திட்டமிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கணினிகளும் ஆட்களும் சூடு தரும் வேலைக் கூடங்களை வெயில் படாத வடக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அப்படியிருந்தும் கோடையில் வீடு சூடாகிறது என்று குடியிருப்பாளர் சிலர் கூறியிருக்கிறார்கள். நிபுணர்கள் கட்டிய வீட்டுக்கே அப்படியென்றால், பலகை மட்டும் அடித்த எமது கராஜின் நிலை சொல்லத் தேவையில்லை.

எமது பழைய நாற்சார் வீடுகளைக் கட்டிய ஊர் மேசன்மாருக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. உயர்ந்த ஓட்டுக் கூரை, நடுவே திறந்த முற்றம், கதவுக்கு மேலே காற்றுத் துவாரம், வெயிலை மறிக்கும் தாழ்வாரம், திண்ணை. சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே வரும். அந்த அறிவை இங்கே கராஜுக்குக் கொண்டு வருவதுதான் எமது வேலை.

காற்றோட்டம்: செய்ய வேண்டியவை

1. இரண்டு வாசல் வேண்டும். ஒரு யன்னலை மட்டும் திறந்தால் காற்று போதியளவு ஓடாது. எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால் குறுக்கே ஓடும். முடியாவிட்டால் ஒன்று தாழவும் மற்றது உயரவும் இருக்கட்டும். தாழ்ந்த திறப்பு நிழலான, வடக்குப் பக்கத்தில் இருந்தால் மிக நல்லது.

2. யன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 30 பாகைக் கோணத்துக்கு மேல் அகலத் திறக்கும் யன்னலானால், தரைப் பரப்பில் இருபதில் ஒரு பங்கு திறப்பாக இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் கட்டிட விதிகளின் வழிகாட்டல். குறைவாகத் திறப்பதானால் பத்தில் ஒரு பங்கு. எமது உதாரணக் கராஜுக்கு 0.6 சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட.

3. யன்னல் வைக்க வழியில்லையா? 15 சென்ரிமீற்றர் குழாயில் பூட்டும் விசிறிகள் மணிக்கு 300 கன மீற்றருக்கு மேல் இழுக்கக்கூடியவை. அதை உயரத்தில் பூட்டி, எதிர்ப்பக்கம் தாழ ஒரு காற்றுத் துவாரம் விடுங்கள். உள்ளே வர வழியில்லாமல் வெளியே இழுக்கும் விசிறி சத்தம் மட்டும்தான் போடும்.

4. நேரம் பார்த்துத் திறவுங்கள். 10 பவுணுக்குள் இரண்டு வெப்பமானிகள் வாங்கி, ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியே நிழலிலும் தொங்கவிடுங்கள். வெளியே குளிர்ச்சி கூடினால் திறவுங்கள். வெளியே சூடு கூடினால் மூடுங்கள். வெப்ப அலையின்போது பெரும்பாலும் இரவு பத்து மணியிலிருந்து காலை எட்டு மணி வரை திறந்து, பகலில் மூடி வைப்பதே பொருந்தும். ஆனால் பகலில் உள்ளே ஆட்கள் இருந்தால், மூடிய அறை வெளியை விடச் சூடாகும் கட்டம் வரும். அப்போது வெப்பமானி சொல்வதைக் கேளுங்கள்.

5. கள்வர் பயம் நியாயமானது. பூட்டக்கூடிய கம்பி வலையோ இரும்புச் சாய்தகடோ யன்னலுக்குப் போட்டால் இரவில் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். ஆனால் தீப்பிடித்தால் உள்ளே படுப்பவர் வெளியேறுவதற்கு ஒரு வழி எப்போதும் இருக்க வேண்டும்.

வெயிலை வெளியிலேயே மறியுங்கள்

கண்ணாடிக்கு உள்ளே திரைச்சீலை போட்டால் வெயில் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது. வெளியே மறைப்புப் போடுவதுதான் பெரிய பலன் தரும். தெற்கு, மேற்குப் பக்கங்களுக்கு ஒரு சாய்ப்போ துணிப் பந்தலோ போதும். கராஜின் இரும்புக் கதவு கறுப்பு, கடும் பச்சை போன்ற நிறமானால் வெள்ளை அல்லது இளநிறப் பூச்சுப் பூசுங்கள். கறுப்புத் தார்த்தாள் போட்ட தட்டைக் கூரை வெயிலில் 60 பாகைக்கும் மேல் சூடாகும். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அதை நன்றாகக் குறைக்கும். கூரை மரங்களுக்கு இடையே காப்புப் பலகை வைக்கும்போது அதற்கு மேலே 5 சென்ரிமீற்றர் காற்று இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் துவாரம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் ஈரம் தங்கி மரம் உக்கும்.

அத்துடன், சூடு தரும் பொருட்களைக் குறையுங்கள். ஆள் படுக்கும் அறையில் பிறீசரும் உடுப்புக் காயவைக்கும் இயந்திரமும் வேண்டாம். பிறீசருக்கும் வெப்பம் கூடாது. அதன் பின்புறத் தகட்டில் உள்ள வகுப்பு எழுத்தைப் பாருங்கள். 'என்' வகுப்பு 32 பாகை வரை, 'எஸ்.டி.' வகுப்பு 38 வரை, 'டி' வகுப்பு 43 வரை வேலை செய்யும்படி அமைக்கப்பட்டவை. அறை அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் மீனும் இறைச்சியும் பழுதாகலாம்.

விசிறியும் ஏசியும்

விசிறி காற்றைக் குளிராக்காது. வியர்வையை ஆவியாக்க உதவும். அறை 35 பாகைக்குக் கீழே இருக்கும் வரை நல்லது. அதற்கு மேல் சூடான காற்றை உடலில் அடித்து நீர்ச்சத்தைக் குறைக்கும். தண்ணீர் ஊற்றி இயக்கும் 'எயார் கூலர்' மூடிய அறையில் ஈரப்பதனைக் கூட்டிவிடும். யன்னல் திறந்திருந்தால்தான் பயன்.

ஒற்றைக் குழாயுள்ள நகர்த்தக்கூடிய ஏசி, குழாய் வழியாக அறைக் காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து சூடான காற்று இடுக்குகளால் உள்ளே வரும். ஆகவே காசு செலவாகும் அளவுக்குக் குளிர் வராது. பக்கத்தில் புகைபோக்கி உள்ள பழைய வகை கொதிகலன் இருந்தால் அதன் நச்சுப் புகையையும் உள்ளே இழுக்கக்கூடும். வாங்குவதானால் சுவரில் பூட்டும் இரட்டைப் பகுதி ஏசியே மேல்; எமது உதாரண அளவு அறைக்கு 2.5 கிலோவாற் வகை தாராளமாகப் போதும். தகுதிச் சான்றிதழ் உள்ளவரே பூட்ட வேண்டும். ஆனால் நிழலும் இரவுக் காற்றும் முதலில், ஏசி கடைசியில்.

வெப்பத்தை விட விரைவாகக் கொல்பவை

கராஜ் மற்ற அறைகளைப் போன்றதல்ல. இவற்றை ஒருபோதும் மறவாதீர்கள்.

காபன் மொனொக்சைட்: நிறமும் மணமும் இல்லாத வாயு. கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள் காரை ஓடவிட்டு வைக்காதீர்கள். மழை வந்துவிட்டது என்று பார்பிகியூ அடுப்பை உள்ளே இழுக்காதீர்கள். தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் வாயு வரும். தலையிடி, வாந்தி, சோர்வு என்று வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் குறைந்தால் இந்த வாயுவைச் சந்தேகியுங்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து உதவிக்கு அழையுங்கள். கொதிகலன், எரிவாயு அடுப்பு உள்ள இடத்தில் அபாய மணி பூட்டுங்கள். கொதிகலனுக்கான காற்றுத் துவாரத்தைக் குளிருக்காக அடைக்காதீர்கள்.

எரிவாயுச் சிலிண்டர்: இந்த வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தங்கும். ஒரு தீப்பொறி போதும். மீன் பொரிக்கும் அடுப்புக்காகச் சிலிண்டரைக் கராஜுக்குள் வைக்க வேண்டாம். மின்னடுப்பும், வெளியே தள்ளும் புகையுறிஞ்சியும் பூட்டுங்கள்.

பெற்றோல், பெயின்ற், தின்னர்: இவற்றின் ஆவி வீட்டோடு ஒட்டிய கராஜிலிருந்து வீட்டுக்குள்ளும் வரும். ஆள் படுக்கும் இடத்தில் வேண்டாம். கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புக் கதவைக் காற்றுக்காகக் கல் வைத்துத் திறந்து விடாதீர்கள்.

அஸ்பெஸ்ரஸ்: பழைய கராஜ்களின் நெளிவுக் கூரைத்தகடுகள் பல அஸ்பெஸ்ரஸ் சீமெந்தால் ஆனவை. 1999இல்தான் இந்த நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. உடையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. விசிறிக்குத் துளை போடுவதற்காக அதைத் துளைத்தால், வெட்டினால் நார்த்தூள் நுரையீரலுக்குள் போய்ப் பல ஆண்டுகளின் பின் புற்றுநோயாகலாம். சந்தேகம் இருந்தால் தொடாமல் நகராட்சியிடம் கேளுங்கள்.

குளிர்காலத்திலும் காற்று வேண்டும்

இறுக அடைத்த அறையில் இருவர் இரவு முழுவதும் தூங்கினால் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு இரண்டாயிரம் பங்கைத் தாண்டுவது எளிது. வெளிக்காற்றில் அது 420 அளவில்தான் உண்டு. 1,500ஐத் தாண்டினாலே காற்றோட்டம் போதாது என்று கொள்ளலாம். காலையில் தலைப்பாரமும் சோம்பலும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மூச்சிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த மூலைகளில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். 2020 டிசம்பரில் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சணத்தால் சுவாசம் பாதிக்கப்பட்டு இறந்ததை மரண விசாரணை 2022இல் உறுதிப்படுத்தியது. ஈரப் பூஞ்சணத்தை விரைந்து திருத்தும்படி சமூக வீடுகளின் உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அவன் பெயரால் 2025 ஒக்ரோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் பூஞ்சணம் பிடித்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.

மருந்து எடுப்பவர்கள் கவனத்துக்கு

சலம் போகச் செய்யும் குளிசைகள், ரமிப்ரில், லொசாட்டன் போன்ற பிரஷர் குளிசைகள், மெற்போமின், டபக்லிபுளோசின், எம்பக்லிபுளோசின் போன்ற நீரிழிவுக் குளிசைகள், லிதியம், அமிற்றிப்ரிலின், சில மனநோய் மருந்துகள் ஆகியன வெப்பத்திலும் நீரிழப்பிலும் தொல்லை தரக்கூடியவை. இதை வாசித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம். கோடை வருமுன் உங்கள் வைத்தியரிடமோ பாமசியிலோ "வெப்ப அலை வந்தால், வாந்தி பேதி வந்தால் எதை எப்படி எடுப்பது?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இருதயப் பலவீனம் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். பாவிக்கும் பேனாவையும் ஆஸ்துமாப் பம்பையும் சூடான கராஜ் மேசையில் விடாதீர்கள். 30 பாகைக்கு மேல் இரண்டுமே பழுதாகலாம்.

வெப்பத்தால் ஒருவர் சோர்ந்தால்

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், மிகுந்த வியர்வை, தசைப்பிடிப்பு, தாகம் ஆகியன வெப்பக் களைப்பின் அறிகுறிகள். உடனே குளிரான இடத்துக்குக் கொண்டு போங்கள். தேவையற்ற உடுப்பைத் தளர்த்துங்கள். தண்ணீரோ உப்புச் சீனிக் கரைசலோ கொடுங்கள். தோலை நனைத்து விசிறுங்கள். கழுத்திலும் கமக்கட்டிலும் குளிர்ப்பொதி வையுங்கள். 30 நிமிடத்தில் தெளிய வேண்டும். தெளியாவிட்டால், அல்லது குழப்பமாகக் கதைத்தால், வலிப்பு வந்தால், உணர்விழந்தால், உடல் கொதித்தும் வியர்க்காவிட்டால் அது வெப்ப அதிர்ச்சி. 999ஐ அழையுங்கள். அவசரமில்லாத ஆலோசனைக்கு 111. உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தமிழ் என்று சொல்லிக் கேட்கலாம்.

சட்டமும் உரிமையும்

கராஜை வாழும் அறையாக மாற்றுவதற்குப் பல வேளைகளில் திட்ட அனுமதி தேவைப்படாது. ஆனால் கட்டிட விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். தீ, காற்றோட்டம், ஈரம் ஆகிய எல்லாவற்றையும் அப்போதுதான் ஒருவர் வந்து சரிபார்ப்பார். காசு மிச்சம் என்று இதைத் தவிர்த்தால் வீடு விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் பிரச்சினை வரும். 2022 யூன் முதல் புதிய வீடுகள் அளவுக்கு மீறிச் சூடாகக் கூடாது என்ற விதி இங்கிலாந்தில் உண்டு. பழைய கராஜுக்கு அந்தக் காவல் பெரும்பாலும் இல்லை, நாமேதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக வந்த மாணவர்களையும் அகதி கோரியவர்களையும் சிலர் கராஜ்களில் வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். அகதியாக வந்த எவருக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை என்றால் எவ்வளவு பெரிது என்பது தெரியும்; அதனாலேயே அவர்கள் முறைப்பாடு செய்வதில்லை. யன்னலில்லாத அறையை வாடகைக்கு விடுவது உதவி அல்ல. அளவுக்கு மீறிய வெப்பமும் குளிரும் வாடகை வீட்டின் ஆபத்துகளாக 2006 முதல் இங்கிலாந்தின் வீட்டுப் பாதுகாப்பு மதிப்பீட்டு முறையில் உள்ளன. நகராட்சி வந்து பார்த்து நடவடிக்கை எடுக்கலாம்.

முடிவாக

யூன் 1 முதல் செப்ரெம்பர் 30 வரை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் வெப்ப எச்சரிக்கை வெளியிடப்படுகிறது. மஞ்சள் என்று கேட்டதுமே மூன்று காரியம் செய்யுங்கள். கராஜில் தூங்கும் முதியவரை அந்த இரவுகளுக்கு வீட்டின் குளிரான கீழறைக்கு மாற்றுங்கள். சாய்வு நாற்காலியானாலும் பரவாயில்லை. அறை வெப்பமானியைப் பாருங்கள். தனியே வாழும் ஒரு முதியவருக்குக் காலையிலும் பின்னேரத்திலும் தொலைபேசி எடுத்து, "தண்ணி குடிச்சீங்களோ, அம்மா?" என்று கேளுங்கள். அவர் "ஓம், ஓம்" என்றால் மட்டும் நம்பிவிடாமல், எத்தனை கப் என்றும் கேளுங்கள்.